நூற்றில் பத்தொன்பது

(தடுப்பூசி அறிவியலை மருத்துவப் பணியாளர்களுக்குக் கற்பிப்பது குறித்துச் சிதம்பரம் அண்ணாமலைநகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இந்த வளாகத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1985ஆம் ஆண்டு. நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் புதிய உருவம் பெற்றதும், தட்டம்மை தடுப்பூசி அதில் சேர்ந்ததும் அதே 1985தான். கல்லூரி இன்று அரசு மருத்துவக் கல்லூரி. தட்டம்மை ஊசியோ ரூபெல்லாவையும் சேர்த்துக்கொண்டு இரண்டு தவணையாகிவிட்டது. ஒரு தவணை ஏன் இரண்டானது என்பதை இந்தக் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளை வைத்தே விளக்க முடியும். அதைத்தான் இன்று செய்யப் போகிறேன். பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ, அதன் மாதிரியாகவே இந்த உரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சாமியார்பேட்டை, கிள்ளை என்று நம் கரையெங்கும் சுனாமியில் கடல் ஏறி வந்தது. மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நெருக்கியடித்துத் தங்கினார்கள். முகாமில் கூட்டம் சேர்ந்தால் முதலில் பயப்பட வேண்டியது தட்டம்மை என்பது பேரிடர் மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும். நம் சுகாதாரத் துறை காத்திருக்கவில்லை. டிசம்பர் 29 அன்றே, பாதிக்கப்பட்ட கிராமங்களில் 6 மாதம் முதல் 60 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கிவிட்டது. பிணங்களை அடக்கம் செய்து முடிக்காத நேரத்தில் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போன செவிலியர்களை இந்த மாவட்டம் மறக்கக் கூடாது.

மறுநாள், டிசம்பர் 30 அன்று, கடலூரிலிருந்து செய்தி போனது: தட்டம்மை கண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் உடனே தோன்றியது, அலைதான் காரணம் என்பது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தார் அப்படி முடிவு கட்டவில்லை. நோய் கண்ட ஒவ்வொருவருக்கும் எந்த ஊர், என்ன வயது, ஊசி போட்டதா, எந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுதினார்கள். மொத்தம் 101 பேர். 11 பேரின் ரத்த மாதிரியைச் சோதித்ததில் 8 பேருக்குத் தட்டம்மை என்று உறுதியானது. 71 பேர் அலை அடித்த கிராமங்களைச் சேர்ந்தவர்கள். 30 பேர் அலையே தொடாத கிராமங்களைச் சேர்ந்தவர்கள். மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால், அலை அடித்த ஊர்களில் ஆயிரத்துக்கு 1.3 பேர், அடிக்காத ஊர்களில் 1.7 பேர். அலை அடித்த ஊர்களில் நோய் கண்டவர்களில் 42 விழுக்காட்டினருக்கு, அலை வந்த 14 நாட்களுக்குள்ளேயே நோய் தெரிந்திருந்தது. தட்டம்மைக் கிருமி உடம்பில் புகுந்து தடிப்பு எழும்புவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். வைரஸின் மரபணுவைப் பார்த்தபோது அது டி8 வகை. தமிழ்நாட்டில் ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்த வகை. கடல் எதையும் கொண்டு வரவில்லை. கிருமி அதற்கு முன்பே நம் ஊர்களில் இருந்தது. அலைக்கும் நோய்ப் பரவலுக்கும் தொடர்பில்லை என்று 2006இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை சொல்கிறது.

அப்போது தமிழ்நாட்டில் தட்டம்மை முதல் தவணை ஊசி 95 விழுக்காட்டுக்கு மேல் எட்டியிருந்தது. அத்தனை பேருக்குப் போட்ட பிறகும் கிருமி எங்கே இடம் பிடித்தது?

இங்கே வந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்கள் தயவுசெய்து ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கை என்னோடு போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 100 குழந்தைகள் பிறக்கும் ஒரு பகுதி. 95 பேருக்கு ஒன்பதாம் மாதத்தில் ஊசி போட்டாயிற்று. பாராட்டுச் சான்றிதழே கொடுக்கலாம். ஆனால் ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி நூற்றுக்கு 85 பேருக்குத்தான் பிடிக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சில குழந்தைகளின் ரத்தத்தில் அதுவரை மிச்சமிருக்கும். ஊசியிலுள்ள உயிருள்ள கிருமியை அது வேலை செய்ய விடாது. அப்படியானால் ஒரு வயது முடிந்த பிறகு போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், 95 பேர் வரைக்கும் பிடிக்கும். ஆனால் நம் நாட்டில் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே பிள்ளைகளுக்கு நோய் வந்து, சிலர் இறந்தும் போனார்கள். அந்த உயிர்களைக் காப்பதற்காகத்தான், கொஞ்சம் பேருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே ஒன்பதாம் மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

95இல் 85 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 81. மிச்சம் 19. இந்தப் பத்தொன்பது பேரில் 5 பேர் ஊசியே போடாதவர்கள். 14 பேர் போட்டும் பிடிக்காதவர்கள். அந்தப் பதினான்கு பேரின் அட்டையில் தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, பாதுகாப்பு மட்டும் இல்லை. அடுத்த ஆண்டு இன்னொரு பத்தொன்பது. ஐந்தாண்டில் 95. ஓராண்டில் பிறக்கும் மொத்தக் குழந்தைகளுக்கு ஏறக்குறையச் சமமான கூட்டம், எந்தப் பதிவேட்டிலும் தெரியாமல் சேர்ந்துவிடுகிறது. நோய் எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைக் கொடுக்கக் கூடியவர். கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

கடலூர் ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அலை அடித்த ஊர்களில் நோய் கண்டவர்களில் 36 விழுக்காட்டினர் 60 மாதத்தைத் தாண்டியவர்கள். அதாவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். முந்தைய ஆண்டுகளில் எஞ்சிப் போனவர்கள். அவசர முகாமில் ஊசி போட்டது 60 மாதம் வரைக்கும்தான். அதனால்தான் இத்தகைய பேரிடர்களில் 6 மாதம் முதல் 14 வயது வரை எல்லோருக்கும் போட வேண்டும் என்றும், வழக்கமான திட்டத்திலும் இரண்டாவது வாய்ப்பு வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இந்த இடத்தில் நான் பயிற்சி வகுப்புகளில் பல முறை கேட்ட ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். தட்டம்மை இரண்டாம் தவணையைப் பலரும் 'பூஸ்டர்' என்கிறார்கள். மருத்துவர்களும் சொல்கிறார்கள். முத்தடுப்பு ஊசியில் ஒன்றரை வயதில் போடுவது பூஸ்டர்தான். ஏற்கெனவே உண்டான எதிர்ப்பு குறையும்போது அதைத் தூக்கி நிறுத்துகிறது. வீராணம் ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பூஸ்டர் என்பது மேலுரம். தட்டம்மை இரண்டாம் தவணை என்பது, நட்ட வயலில் பிடிக்காமல் போன இடங்களில் பாடு நிரப்புவது. முதல் தவணை பிடித்த குழந்தைக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. பிடிக்காத 14 பேர் யாரென்று நமக்குத் தெரியாததால் எல்லோருக்கும் போடுகிறோம். வெறும் பூஸ்டர் என்று நினைக்கும் செவிலியர், முதல் தவணைதான் போட்டாச்சே, இது கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை என்று எண்ணக்கூடும். காரணம் தெரிந்தவர் அப்படி விட மாட்டார்.

நாட்டின் அட்டவணையில் இரண்டாம் தவணை 2010இல் வந்தது. முதல் தவணை குறைவாக எட்டிய மாநிலங்களில் முதலில் பெரும் முகாம்கள் நடந்தன; நம்மைப் போல 80 விழுக்காட்டைத் தாண்டிய மாநிலங்களில் வழக்கமான அட்டவணையில் சேர்த்தார்கள். அட்டவணை வயதைத் தாண்டிவிட்ட பிள்ளைகளுக்கான வாய்ப்பு 2017 பிப்ரவரியில்தான் வந்தது, 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை ரூபெல்லா ஊசி. அப்போது நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வாட்ஸ்ஆப்பில் வதந்தி பரவியது. பள்ளி வாசலில் பெற்றோர் கூடினார்கள். பிள்ளையை அன்று பள்ளிக்கே அனுப்பாதவர்கள் பலர். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் ஒரு தகப்பனார் கேட்டதை ஒரு செவிலியர் என்னிடம் சொன்னார். "நர்சம்மா, ஊசி போட்ட புள்ளைங்களுக்குத்தான மணல்வாரி நெறையா வந்திருக்கு? அப்பறம் எதுக்குப் போடறது?" மணல்வாரி என்று அவர் சொன்னது தட்டம்மையைத்தான். நியாயமான கேள்வி. அவர் வதந்தி பரப்பவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். நம் கணக்கிலேயே, நோய் வரக்கூடிய 19 பேரில் 14 பேர் ஊசி போட்டவர்கள்தானே. அந்தச் செவிலியருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஊசி முழுப் பாதுகாப்பு என்று மட்டுமே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் கையில் அந்தத் தாள் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்: "போட்டது தொண்ணூத்தஞ்சு பேருங்க, அதுல வரக்கூடியது பதினாலு பேருக்கு. ஏழுல ஒண்ணு. போடாதது அஞ்சு பேரு, அஞ்சு பேருக்கும் வரும். ரெண்டாவது ஊசி அந்தப் பதினாலு பேருக்காகத்தான்." ஏழில் ஒன்று என்றால் யாருக்குப் புரியாது? மக்களுக்குக் கணக்கு புரியாது என்று நாம்தான் முடிவு செய்து வைத்திருக்கிறோம். இந்த மாவட்டத்தில் முந்திரி விலையும் மீன் ஏலமும் மனக்கணக்கில்தான் நடக்கின்றன.

பதினான்கு பேருக்கு வழி கண்டாயிற்று. ஐந்து பேர்? முதல் தவணை போடாத குழந்தை பெரும்பாலும் இரண்டாம் தவணையும் போடுவதில்லை. 95 பேருக்கும் இரண்டு தவணை முழுதாகப் போட்டாலும், இந்த ஐந்து பேரும் விட்டுப் போனால் நாம் 94ஐத்தான் எட்டுவோம். தட்டம்மை நிற்க வேண்டுமானால் 95 பேராவது பாதுகாப்போடு இருக்க வேண்டும். ஆகவே அந்த ஐந்து பேர் யார் என்பதுதான் தடுப்பூசி அறிவியலில் மிகவும் கடினமான கேள்வி. இதற்கு விடை ஆய்வகத்தில் கிடைக்காது. இங்கே அமர்ந்திருக்கும் செவிலியர்களுக்குத் தெரியும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போன பெண். குழந்தை பிறந்தது ஒரு மாவட்டத்தில், முதல் மூன்று ஊசி அங்கே. ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்கு வருகிறாள். அங்கே பதிவேட்டில் பெயர் 'வெளியூர் சென்றுவிட்டார்'. இங்கே பதிவேட்டில் பெயரே ஏறவில்லை. இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை ஒன்பது மாதத்தைக் கடந்துவிடுகிறது. கரும்பு வெட்டப் போகும் குடும்பங்கள், செங்கல் சூளையில் தங்குபவர்கள், கிள்ளை பக்கத்து இருளர் குடியிருப்புகள், மீன்பிடிக்க வேறு துறைக்குப் பெயர்ந்தவர்கள். இவர்கள் ஊசிக்கு எதிரானவர்கள் இல்லை. ஊசி போடும் புதன்கிழமை காலை அவர்கள் இருக்கும் இடத்துக்கும் நம் மேசை இருக்கும் இடத்துக்கும் பொருந்துவதில்லை, அவ்வளவுதான். யு-வின் போன்ற கணினிப் பதிவு வந்திருக்கிறது, நல்லது. ஆனால் பதிவே ஆகாத குழந்தையைக் கணினி தேடிப் போகாது.

இன்னொன்று. நம் ஊர்களில் அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தலைக்குத் தண்ணீர் விடும்வரை பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுவர மாட்டார்கள். பயிற்சிக் கையேடுகள் இதை மூடநம்பிக்கை என்ற தலைப்பில் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. நோய் இருக்கும் வீட்டைத் தெருவிலிருந்தே காட்டித் தருகிற அடையாளம் உலகில் வேறெங்கே கிடைக்கும்? வேப்பிலை பார்த்த தெருவில் நின்று, எத்தனை நாளாச்சு, வேறு யாருக்கு என்று விசாரிக்கும் செவிலியர் செய்வது தொற்றுநோயியல். வேப்பிலையை எடுக்கச் சொல்ல வேண்டாம். வைட்டமின் ஏ இன்று ஒன்று, நாளை ஒன்று என்று கொடுத்துவிட்டு வரட்டும். மாரியாத்தாளுக்கும் வைட்டமினுக்கும் சண்டையில்லை.

கைவேலைப் பயிற்சியைப் பற்றியும் பேச வேண்டும். இது ஒழுங்காக நடப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். ஊசி போடும் மேசையைப் பாருங்கள். தட்டம்மை ரூபெல்லா மருந்து உலர்ந்த தூளாகக் குப்பியில் இருக்கிறது. கரைப்பதற்குத் தனிக் குப்பியில் சுத்திகரித்த நீர். பக்கத்திலேயே பி.சி.ஜி. இருக்கிறது, அதற்கு உப்புக் கரைசல். நம் மாவட்டத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உண்டு, நெல் வயல் கொசு பரப்பும் நோய் என்பதால்; அதில் தூளாக வரும் வகைக்குப் பாஸ்பேட் கரைசல். மூன்றும் நிறமற்றவை, குப்பியின் உருவமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றிவிடக் கூடாது. கரைக்கும் நீரையும் முதல் நாளே குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மருந்தின் குளிர்ச்சிக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். கரைத்ததும் குப்பியில் நேரத்தை எழுத வேண்டும். ஒன்பதரைக்குத் திறந்தால் ஒன்றரைக்கு எறிந்துவிட வேண்டும், உள்ளே எத்தனை தவணை மிச்சமிருந்தாலும்.

நான்கு மணி நேரம் என்பது எல்லாச் செவிலியர்களுக்கும் மனப்பாடம். ஏன் நான்கு மணி என்று கேளுங்கள், தயங்குவார்கள். இந்த மருந்தில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை. ஊசி முனை வழியாக ஒரு பாக்டீரியா உள்ளே போனால் அது பெருகும். அடுத்த குழந்தையின் உடம்பில் நஞ்சாக ஏறும். காரணம் தெரியாத விதி, கூட்டம் அதிகமான ஒரு புதன்கிழமையில் நழுவிவிடும்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்ததை இந்த மாநிலம் மறக்கவில்லை. அதன்பின் கிராமத்துக்குப் போய் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் நிலையங்களுக்குத் தாய்மார்கள் வர வேண்டியதாயிற்று. அச்சத்தில் எடுத்த முடிவு, புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் அலைந்து வர முடியாதவள் யார்? அந்த ஐந்து பேரின் தாய். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் பெற்ற குழந்தைகள் 2005-06இல் 80.9 விழுக்காடு, 2015-16இல் 69.7, 2019-21இல் 89.2. நடுவில் விழுந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கும்போது அதனால் யார் விடுபடுவார்கள் என்று சேர்த்துக் கணக்கிட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

வீணாகும் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து தவணைக் குப்பி. வந்திருப்பது ஒரே குழந்தை. திறந்தால் நான்கு தவணை வீண், மாத இறுதியில் கேள்வி வரும். 'அடுத்த புதன்கிழமை வாம்மா' என்று அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு குழந்தைக்கென்றாலும் திறக்க வேண்டும் என்றுதான் அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. மேலதிகாரிகள் மாதக் கூட்டத்தில் வீணானதைக் கேட்பதோடு, திருப்பி அனுப்பியதையும் கேட்டால் இந்தச் சிக்கல் தீரும். பயிற்சி வேண்டியது செவிலியருக்கு மட்டும் என்று யார் சொன்னது?

தடுப்பூசி அறிவியலுக்கு உயர்நிலைப் படிப்புகள் உண்டு. பிரான்சின் அன்னெசி நகருக்கு அருகே 2000ஆம் ஆண்டு முதல் நடக்கும் வகுப்புக்கு உலகமெங்குமிருந்து வல்லுநர்கள் போகிறார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி நம் நாட்டவருக்காக அத்தகைய வகுப்பை நடத்தியிருக்கிறது. போலியோ சொட்டு மருந்து நம் பிள்ளைகளுக்கு ஏன் போதிய அளவு பிடிக்கவில்லை என்ற கேள்வியை அங்கே டாக்டர் டி. ஜேக்கப் ஜான் பல்லாண்டுகளுக்கு முன்பே எழுப்பினார். ரோட்டா வைரஸ் பற்றி டாக்டர் ககன்தீப் காங் செய்த பணியும் அங்கிருந்து வந்ததுதான். இவை நமக்குப் பெருமை. ஆனால் இந்த அறிவு பேராசிரியர், மாநில அதிகாரி என்ற அளவோடு நின்று, கீழே இறங்கும்போது வெறும் விதிகளாகச் சுருங்கிவிடுகிறது. கீழே இருப்பவருக்கு 'எப்படி' போதும், மேலே இருப்பவருக்குத்தான் 'ஏன்' என்ற பாகுபாடு எனக்குச் சற்றும் ஒப்பவில்லை. தகப்பனாரின் கேள்வியை எதிர்கொள்வது பேராசிரியர் இல்லையே.

ஆகவே இந்தக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்கு என் வேண்டுகோள் இது. முதுநிலை மாணவர் ஒருவரும் கிராம சுகாதார செவிலியர் ஒருவரும் சேர்ந்து ஒரு துணை சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்ளட்டும். கடற்கரையில் ஒன்று, வீராணத்துப் பக்கம் ஒன்று, விருத்தாசலத்துச் செம்மண் காட்டில் ஒன்று. ஐந்தாண்டுப் பிறப்புப் பதிவை விரித்து, ஆண்டுக்கு எத்தனை பேர் எஞ்சினார்கள் என்று கூட்டட்டும். பிறகு அந்தப் பெயர்களோடு வீடு வீடாகப் போகட்டும். பதிவில் இல்லாத குழந்தைகளைத் தெருவில் கேட்டுச் சேர்க்கட்டும். மாணவர் கணக்கைக் கற்றுக் கொடுப்பார். செவிலியர் ஊரைக் கற்றுக் கொடுப்பார். பயணப்படி, ஒரு நாள் மாற்றுப் பணியாளர், கொஞ்சம் தாள் தவிர இதற்குப் பெரிய செலவில்லை.

இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு என்னைப் போன்ற ஒருவரை அழைக்க வேண்டாம். அந்த மூன்று செவிலியர்களில் ஒருவரை அழையுங்கள். தன் துணை நிலையத்தில் எஞ்சியிருந்த குழந்தைகள் யார், எங்கே இருந்தார்கள், எத்தனை பேருக்குப் போட முடிந்தது, எத்தனை பேருக்கு முடியவில்லை என்பதை அவர் இந்த மேடையில் ஒரு மணி நேரம் பேசட்டும். அதையும் இதைப் போலவே அச்சிட்டு, மாவட்டத்தின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அனுப்புங்கள்.